பாயிண்ட் ஷூ போட்டா கால் வலிக்குதா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

பாலே கிளாஸ்ல பாயிண்ட் ஷூ, அதாவது விரல் நுனியில நின்னு ஆடுறதுக்கான ஷூ, போட ஆரம்பிச்ச பொண்ணுங்களும் அவங்க அம்மாமாரும் என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குறத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். நான் லண்டன்ல பாலே கத்துக்கிட்டு ஆடினவ, இப்போ ஆரம்ப பாயிண்ட் கிளாஸ்ல டீச்சருக்கு உதவியா இருக்கேன், டாக்டர் கிடையாது. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். வலிச்ச உடனே முக்கால்வாசி பேர் மெத்து மெத்துனு ஒரு பேட் வாங்கத்தான் ஓடுறாங்க, ஆனா வலி எந்த இடத்துல வருதுன்னு உக்காந்து பார்த்தா காரணம் பெரும்பாலும் ஷூ அளவுலயோ நிக்கிற விதத்துலயோ தான் இருக்கும், அத விட்டுட்டு பஞ்சு திணிச்சா வலி இடம் மாறுமே தவிர போகாது.

அக்கா, வலி இல்லாம பாயிண்ட்ல ஆடவே முடியாதா? எல்லாரும் "பழகிடும்"னு தான் சொல்றாங்க.

கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். தீப்பெட்டி அளவு கூட இல்லாத ஒரு தட்டையான இடத்துல உடம்பு வெயிட் மொத்தமும் நிக்குது. முன்பாதம் சோர்ந்து போறது, உள்ளங்கால் இழுத்துப் பிடிக்கிறது, விரல் நுனி லேசா கன்னிப்போறது, இதெல்லாம் புதுசா ஆரம்பிச்ச சில வாரம் சகஜம், ஷூவக் கழட்டி கொஞ்ச நேரத்துல அடங்கிடும். ஆனா சுருக்குனு குத்துறது, ஒரே இடத்துல விண்விண்னு தெறிக்கிறது, விரல் மரத்துப்போறது, மறுநாள் காலைல பாத்ரூம் போக எழுந்தாலும் நொண்டுறது, இது எதுவும் பழகுற கேஸ் இல்ல. "பழகிடும்"னு சொல்லிச் சொல்லியே நல்லா ஆடுற பொண்ணுங்க காலைக் கெடுத்து வச்சிருக்காங்க, எனக்கு இதுல ரொம்பவே கோபம் உண்டு.

1832ல பாலே ஆட்டக்காரி மரீ டாக்லியோனி பாரிஸ்ல விரல் நுனியில ஏறி ஆடினப்போ காலுல இருந்தது வெறும் சாட்டின் ஷூ, நுனியில நூல் ஓட்டி கெட்டிப்படுத்தினது, அவ்வளவுதான். அதனால தான் அப்போ ஒரு கணம் ஏறி உடனே இறங்கினாங்க. இன்னைக்கு ஷூ முன்பக்கத்துல இருக்குற பாக்ஸ்ங்கிற கெட்டிக் கூடு அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்தது, அது வந்ததே விரலைச் சுத்திலும் தாங்கிப் பிடிக்கத்தான். உங்க ஷூ அந்த வேலையச் செய்யலன்னா அது உங்க கால் ஷூ இல்ல.

மேல ஏறினா கட்டைவிரல் நகத்து மேலயே மொத்த வெயிட்டும் விழுது. தடிமனான பேட் வச்சும் வலிக்குது, என்ன பண்றது?

நான் அதிகமா பார்க்குறது இந்தப் பிரச்சனை தான். ஷூ டைட்டா இருக்கறதால வலிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த தடவ இன்னும் அகலமா வாங்குறாங்க, வலி இன்னும் கூடும். உண்மைல நடக்குறது என்னன்னா பாக்ஸ் அகலமா இருக்கு, கால் உள்ள நழுவி அடிவரைக்கும் இறங்குது, கட்டைவிரல் தரையில மோதி நிக்குது. சரியான ஷூவுல கால் அடியில போய் விழக்கூடாது, ரெண்டு பக்கச் சுவரும் முன்பாதத்த இறுக்கமா கவ்விப் பிடிச்சு வெயிட்ட பங்கு போட்டுக்கணும், விரல் நுனி பிளாட்ஃபார்ம, அதாவது பாக்ஸோட தட்டையான நுனிய, தொட்டுக்கிட்டு இருந்தா போதும்.

வீட்லயே பாக்கலாம். பார், அதாவது பிடிமானக் கம்பிய, புடிச்சுக்கிட்டு ரெண்டு காலுலயும் மேல ஏறுங்க, அம்மாவ பின்னாடி நின்னு குதிகால் துணிய கிள்ளிப் பாக்கச் சொல்லுங்க. ஒரு சின்ன கிள்ளு அளவு துணி கையில வந்தா சரி. கொத்தா வந்துச்சுன்னா ஷூ நீளமா இருக்கலாம், இல்ல கால் உள்ள இறங்கியிருக்கலாம். அப்புறம் பக்கத்துல விங்ஸ், அதாவது பாக்ஸோட பக்கச் சுவர், இருக்குற இடத்துல விரல விட்டுப் பாருங்க, சுலபமா உள்ள போச்சுன்னா அகலம் ஜாஸ்தி. அடுத்த ஷூவ ஒரு அகலம் குறைச்சு வாங்கணும், இல்ல இன்னும் கூம்பலான பாக்ஸ் இருக்குற மாடலுக்கு மாறணும். அதுவரைக்கும் விரல் நுனியில பஞ்சு அடைக்காம முன்பாதத்தோட ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு ஃபோம் துண்டு வச்சுப் பாருங்க, நுனியில அடைக்கிறத விட அது எவ்வளவோ மேல்.

முன்னாடி நல்லா இருந்த ஷூவுல திடீர்னு இப்படி ஆச்சுன்னா ஷூ செத்துப்போச்சுன்னு அர்த்தம், அதப் பத்தி கீழ எழுதியிருக்கேன்.

கடைக்குப் போறப்போ என்னென்ன பாக்கணும்? வளர்ற பொண்ணு, கொஞ்சம் பெருசா வாங்கலாமா?

கூடவே கூடாதுங்க. ஸ்கூல் ஷூ அரை இஞ்ச் பெருசா வாங்குவோம், அந்தப் பழக்கத்த இங்க கொண்டு வராதீங்க. பாயிண்ட் ஷூவுல இன்னைக்கு இருக்குற காலுக்குத் தான் அளவு.

முதல் ஜோடியாவது நேர்ல போய், ஃபிட்டர் இருக்குற கடையில போட்டுப் பாத்து வாங்குங்க, ஆன்லைன்ல வேண்டாம். கிளாஸுக்குப் போடுற அதே டைட்ஸ், அதே பேட், ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. நகம் வெட்டியிருக்கணும். மத்தியானத்துக்கு மேல போறது நல்லது, நாள் ஓட ஓட கால் கொஞ்சம் வீங்கும். ஷூ போட்டுக்கிட்டு செகண்ட் பொசிஷன்ல, அதாவது கால அகட்டி வச்சு, ப்ளியே (முட்டிய மடக்கி இறங்குறது) பண்ணச் சொல்லுங்க, கால் அப்போ தான் முழுசா நீளும், விரல் எல்லாம் நுனியத் தொடணும் ஆனா மடங்கக் கூடாது. நிக்கும்போது விரல் மடங்கியிருந்தா நீளம் பத்தல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்தா அகலம் பத்தல. பக்கத்து விங்ஸ் கட்டைவிரல் மூட்டைத் தாண்டி மூடியிருக்கணும், சரியா அந்த எலும்பு மேல முடிஞ்சா அங்கயே வெட்டும். வேம்ப், அதாவது விரலுக்கு மேல மூடுற முன்பகுதி, விரல் எல்லாத்தோட ஆரம்பத்தையும் மறைக்கணும். உள்ளங்கால் ரொம்ப வளையுற பொண்ணுங்களுக்கு வேம்ப் நீளமா வேணும், இல்லேன்னா பாக்ஸ தாண்டி முன்னாடி கவுந்துடுவாங்க.

நம்பர நம்பாதீங்க. கம்பெனிக்குக் கம்பெனி சைஸ் கணக்கு வேற. 1929ல லண்டன்ல ஆரம்பிச்ச ஃப்ரீட் கம்பெனி ஷூவ எல்லாம் திருப்பிப் பாருங்க, அடித்தோல்ல ஒரு சின்ன முத்திரை குத்தியிருக்கும், கிரீடம், நங்கூரம், மணி, இப்படி ஏதாவது, அது அந்த ஷூவக் கையால செஞ்சவரோட அடையாளம். ஒரே சைஸ்ல ரெண்டு பேர் செஞ்ச ஷூ ரெண்டு மாதிரி உக்காரும், அதனால பெரிய டான்ஸர்ஸ் தன் காலுக்கு ஒத்துவர்ற ஆளப் புடிச்சுக்கிட்டா மாத்தவே மாட்டாங்க. ஒரு ஜோடி நல்லா அமைஞ்சுதுன்னா அடியில இருக்குற எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

எனக்கு ரெண்டாவது விரல் தான் நீளம். அதுவே எப்பவும் அடி வாங்குது.

நிறைய பேருக்கு அப்படித்தான். கட்டைவிரல் குட்டையா இருக்குறதால தரைய எட்டல, ரெண்டாவது விரல் ஒத்தையா தாங்குது. கட்டைவிரல் நுனிக்கு மட்டும் ஒரு சின்ன ஜெல் தொப்பி, இல்ல கொஞ்சம் செம்மறியாட்டு கம்பளிப் பஞ்சு வச்சு ரெண்டையும் சமமாக்குங்க. ரெண்டாவது விரல் மேல பேட் வைக்காதீங்க, அது நீளத்த இன்னும் கூட்டும்.

எந்த பேட் நல்லது? ஜெல்லா, துணியா, பஞ்சா?

உங்க காலுக்கு எது மெல்லிசா வேல செய்யுதோ அது. ஜெல் பேட் ரொம்ப சௌகரியமா இருக்கும், ஆனா தடிமன், வேர்வைய உள்ளயே வைக்கும், தரையே தெரியாம பண்ணிடும், தரை தெரியலன்னா விரல் பயந்துபோய் மடங்க ஆரம்பிக்கும். கம்பளிப் பஞ்சு எந்த இடத்துல வேணுமோ அங்க மட்டும் பிச்சு வைக்கலாம், வேர்வையும் காயும், எனக்குப் பிடிச்சது அது தான். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல ஒரு ஸ்பேசர் வச்சா விரல் நேரா நிக்கும், மூட்டு எலும்பு வெளிய துருத்துற பொண்ணுங்களுக்கு நிஜமாவே உதவும். ஷூ வாங்குனப்புறம் பேட மாத்தினா ஷூவே வேற அளவு ஆயிடும், அத மறக்காதீங்க.

புது ஷூ கட்டையா இருக்கு, மடங்கவே மாட்டேங்குது. கதவிடுக்குல வச்சு நசுக்கலாம்னு ஒரு வீடியோல பாத்தேன்.

வேண்டாம்மா. வீடியோல பண்றவங்க பல வருஷமா ஆடுறவங்க, ஒரே ஷோவோட அந்த ஷூவத் தூக்கிப் போடுறவங்க. உங்களுக்கு அந்த ஜோடி மாசக்கணக்குல வரணும். பாக்ஸோட மேல்பக்கத்த உள்ளங்கையால லேசா அழுத்தி விடுங்க, ஷேங்க, அதாவது உள்ளங்காலுக்கு அடியில இருக்குற கெட்டிப் பட்டைய, டெமி பாயிண்ட்ல (குதிகாலத் தூக்கி முன்பாதத்துல நிக்கிறது) மடங்குற இடத்துல கையால கொஞ்சம் கொஞ்சமா வளைங்க, குதிகாலுக்குக் கிட்ட நடுவுல போய் ஒடிக்காதீங்க. அப்புறம் வீட்ல கார்ப்பெட் மேல டெமி பாயிண்ட்ல நடங்க, பார் கம்பிய புடிச்சு மெதுவா ரெலவே (குதிகாலத் தூக்கி மேல ஏறுறது) பண்ணுங்க, உங்க கால் சூட்டுலயும் வேர்வையிலயும் அதுவே உங்க வடிவத்துக்கு வரும். ஷேங்க வெட்டிக் குட்டையாக்குறது, சுத்தியலால அடிக்கிறது எல்லாம் டீச்சர் சொன்னா மட்டும் தான்.

கொப்புளம் வந்துக்கிட்டே இருக்கு.

ஈரம் கூட உரசல் சேர்ந்தா கொப்புளம். அதனால வர்றதுக்கு முன்னாடியே அந்த இடத்துல டேப் ஒட்டுங்க, துணி டேப், சுருக்கம் இல்லாம, விரலச் சுத்தி இறுக்காம. டேப் ஓரத்துல ஒரு மடிப்பு இருந்தா போதும், கிளாஸ் முடியறதுக்குள்ள அங்க இன்னொரு கொப்புளம். டைட்ஸ் தையல் விரல் மேல வராமப் பாருங்க.

வந்துடுச்சுன்னா சின்னதா இருந்தா தொடாதீங்க. பெருசா விம்மி நின்னா சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான புது ஊசியால ஓரத்துல ஒரு துளை போட்டு தண்ணிய மட்டும் வடிய விடுங்க, மேல்தோலப் பிய்க்காதீங்க, அது தான் அதோட மூடி. ராத்திரி காத்தாட விடுங்க, கிளாஸ்ல மூடுங்க. சுத்திச் சிவந்து சூடா இருந்தா, சீழ் வச்சா, டாக்டர். சர்க்கரை வியாதி இருக்கற பெரியவங்களும் இப்போ பாலே கத்துக்கிறாங்க, அவங்க ஊசி வேலையே பண்ணாம நேரா டாக்டர்கிட்ட போங்க.

காய்ச்சுப் போன தோல முழுசா தேய்ச்சு எடுத்துடாதீங்க, அது உங்களுக்குக் காவல். மேடு தட்டாம லேசா தேய்ச்சா போதும்.

நகம் கறுத்துப் போச்சு. விழுந்துடுமா?

நகத்துக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு. வலி இல்லேன்னா விட்டுடுங்க, நகம் மெதுவா வளர்ந்து மாறிடும், விழுந்தாலும் திரும்ப வரும். முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல தாங்க முடியாம தெறிச்சா டாக்டர் சின்னத் துளை போட்டு ரத்தத்த எடுத்துவிடுவார், நொடியில சுகம் தெரியும், வீட்ல நீங்களா பண்ணாதீங்க. நகத்த நேரா வெட்டுங்க, ஓரத்த வளைச்சு உள்ள வெட்டினா சதைக்குள்ள வளரும். கிளாஸ் அன்னைக்கே வெட்டாம ரெண்டு நாள் முன்னாடி வெட்டுங்க. ஆனா நகம் அடிக்கடி கறுக்குதுன்னா மேல சொன்ன அந்தக் கால் இறங்குற விஷயத்தப் பாருங்க.

என் ஷூ இப்போ தான் மெத்துனு சுகமா ஆயிருக்கு, ஆனா வலி முன்ன விட ஜாஸ்தி. ஏன்?

அந்த மெத்து தான் வலிக்குக் காரணம். வழக்கமான பாயிண்ட் ஷூவோட பாக்ஸ் துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்கா ஒட்டிக் காயவச்சது. வேர்வையும் சூடும் பட்டா பசை இளகும், பாக்ஸ் சுவர் தளரும், ஷேங்க் முதுகு ஒடியும், அப்புறம் உங்க எலும்பு தான் ஷூவோட வேலையச் செய்யணும். பிளாட்ஃபார்ம் ஓரத்தக் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, உள்ள அமுங்குச்சுன்னா முடிஞ்சுது.

ஆயுள கூட்டணும்னா காய வைங்க. கிளாஸ் முடிஞ்சதும் பேட வெளிய எடுத்துடுங்க, ஷூவ வலைப்பையில போட்டு ஃபேன் காத்துல தொங்க விடுங்க, ப்ளாஸ்டிக் கவர்ல கட்டி பேக்ல போட்டு மறுநாள் அதையே போட்டா பசை காயவே காயாது. முடிஞ்சா ரெண்டு ஜோடிய மாத்தி மாத்திப் போடுங்க, ஒண்ணு காய முழுசா ஒரு நாளாவது ஆகும், ரெண்டு ஜோடி சேர்ந்து ரொம்ப நாள் வரும், செலவு கணக்குப் பாத்தாலும் அது தான் லாபம். 1993ல வந்த கெய்னர் மிண்டன் ஷூவுல பாக்ஸும் ஷேங்கும் பசை இல்லாம ஒரு வகை ப்ளாஸ்டிக்ல செஞ்சது, வேர்வைல இளகாது, ஆனா அதுவும் காலுக்குப் பொருந்தினா தான் ஆச்சு, நீடிச்சு வருதுன்னு மட்டும் பாத்து வாங்காதீங்க.

குதிகாலுக்குப் பின்னாடி வலிக்குது.

முதல்ல ரிப்பனப் பாருங்க. பின்னாடி அந்தத் தடிச்ச தசைநார் மேல இறுக்கிக் கட்டி முடிச்சும் அங்கயே போட்டா தேய்ஞ்சு வீங்கிடும். முடிச்சு கணுக்கால் உள்பக்கம், எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல உக்காரணும். பாதத்த மடக்கி ஃப்ளெக்ஸ் பண்ணி வச்சுக்கிட்டு கட்டுங்க, நீட்டி வச்சுக் கட்டினா ப்ளியேல இறுக்கும். பின்பக்கம் வர்ற இடத்துல கொஞ்சம் எலாஸ்டிக் வச்ச ரிப்பன் கிடைக்குது, அது நல்ல ஏற்பாடு. ஷூ ஓரத்து நாடாவ ரொம்ப இழுத்துக் கட்டினாலும் குதிகால வெட்டும், ரிப்பன் தைக்கும்போது ஊசி அந்த நாடாவுக்குள்ள போயிடாமப் பாத்துக்கோங்க, போச்சுன்னா அப்புறம் தளர்த்தவே முடியாது.

ரிப்பன் சரியா இருந்தும் முழுசா மேல ஏறும்போது மட்டும் பின்னாடி இடிக்கிற மாதிரி வலிச்சா அது வேற. சில பேருக்குக் கணுக்கால் பின்னாடி ஒரு சின்ன எக்ஸ்ட்ரா எலும்பு இருக்கும், அது நசுங்கும். டாக்டர்கிட்ட காட்டணும்.

நான் நிக்கிறது சரியான்னு எப்படித் தெரியும்?

கிளாஸ் முடிஞ்சதும் ஷூவத் தலைகீழாப் புடிச்சு பிளாட்ஃபார்ம் சாட்டினப் பாருங்க. நான் புதுப் பொண்ணுங்க ஷூவ எல்லாம் இப்படித்தான் பாக்குறேன், சொன்னா பொய் சொல்லலாம், அந்தத் துணி சொல்லாது. நடுவுல வட்டமா அழுக்காகி நூல் பிரிஞ்சிருந்தா நல்லது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் கிழிஞ்சிருந்தா கணுக்கால் வெளிப்பக்கம் சாயுது, சுளுக்கு வர்ற வழி அது. அடித்தோல் பக்கத்து ஓரம் மட்டும் தேய்ஞ்சா முழுசா மேல ஏறல, ஷேங்க் ரொம்பக் கெட்டியோ இல்ல பலம் பத்தலையோ. மேல்பக்கத்து ஓரம் தேய்ஞ்சா தாண்டிக் கவுறீங்க.

இதோட விரல் மடக்குறதும் சேரும். பயத்துல விரல் உள்ள கொக்கி போடும், மூட்டு மேல தோல் உரிஞ்சா அது தான் அடையாளம். விரல் நீளமா இருக்கணும், வயிறும் இடுப்பும் மேல தூக்கியிருக்கணும், டர்ன் அவுட், அதாவது கால வெளிப்பக்கம் திருப்புறது, இடுப்புல இருந்து வரணும். பாதத்த மட்டும் திருப்பி வச்சா உள்பக்கம் சரிஞ்சு கட்டைவிரல் மூட்டு தான் வீங்கும்.

என்ன எக்ஸர்சைஸ் பண்ணலாம்?

வெறுங்கால்ல உக்காந்து, விரல மடக்காம உள்ளங்கால் வளைவ மட்டும் மேல தூக்குங்க, குட்டிக் கூடாரம் கட்டுற அளவு, பிடிச்சு விடுங்க. முதல்ல ஒண்ணுமே அசையாது, கொஞ்ச நாள்ல அசையும். விரலை எல்லாம் விசிறி விடுங்க. ஒத்தைக் கால்ல முட்டி நேரா வச்சு மெதுவா ஏறி இறங்குங்க, இறங்குறது ஏறுறத விட மெதுவா, கணுக்கால் ஆடாம இருபது தடவைக்குக் கிட்ட வர்ற வரைக்கும் பாயிண்ட்ல ரொம்ப ஆசப்படாதீங்க. முடிஞ்சதும் கெண்டைக்கால முட்டி நீட்டியும் மடக்கியும் ரெண்டு விதமா ஸ்ட்ரெச் பண்ணுங்க. தினமும் பத்து நிமிஷம் போதும், எந்த பேடும் தராத சுகத்த இது தரும்.

எட்டு வயசுப் பொண்ணு பாயிண்ட் ஷூ வேணும்னு அழறா.

வாங்கித் தராதீங்க. பொதுவா பதினொண்ணு பன்னெண்டு வயசுக்கு மேல, சில வருஷம் ஒழுங்கா கிளாஸ் போனப்புறம், டீச்சர் கால் பலத்தப் பாத்துச் சொன்னா மட்டும். விளையாட்டுக்கு வீட்ல போட்டுப் பாக்கவும் வேண்டாம்.

என் பொண்ணு பரதமும் ஆடறா, பாலேவும் ஆடறா. ரெண்டும் சேர்ந்து காலுக்குக் கஷ்டமா?

ரெண்டும் பண்ணலாம், தாராளமா. ருக்மிணி தேவி அருண்டேல் கூட பரதத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ரஷ்ய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவா குழுவுல ஆடின கிளியோ நோர்டிகிட்ட பாலே கத்துக்கிட்டவங்க தான். அரமண்டி உக்காந்து பழகின தொடை ப்ளியேக்கு உதவும். ஆனா தட்டடவு முழுப் பாதத்துலயும் விழற அடி, பாயிண்ட் விரல் நுனியில விழற பாரம், ரெண்டையும் ஒரே சாயங்காலம் வச்சா முன்பாதம் ஓய்வே இல்லாம போயிடும். வேற வேற நாள் வைங்க. சிமெண்ட் தரையில தட்டினா எலும்புக்கு நல்லதில்ல, மரத் தரை கிடைச்சா அங்க ஆட விடுங்க. பாயிண்ட்ல வந்த கொப்புளம் திறந்திருக்கும்போது வெறுங்கால்ல தரையில தட்டவே கூடாது. ரெண்டு டீச்சருக்கும் இன்னொரு கிளாஸ் இருக்குறது தெரியணும், பல வீட்ல இத மறைக்கிறாங்க, மறைக்காதீங்க.

மரத்துப்போற க்ரீம் தடவிக்கிட்டு ஆடலாமா? இல்ல கிளாஸுக்கு முன்னாடி வலி மாத்திரை?

ரெண்டும் வேண்டாம். வலி தெரியலன்னா தோல் கிழியறதும் எலும்பு விரியறதும் தெரியாது.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

விரல் நுனி வச்சு "இங்க"ன்னு காட்டுற மாதிரி எலும்பு மேல ஒரே புள்ளியில வலி, குதிச்சா அங்கயே குத்துறது, ராத்திரி தூக்கத்துலயும் வலி, வீக்கம், இதுல எது இருந்தாலும் பாயிண்ட நிறுத்திட்டுப் போங்க. பாலே ஆடறவங்களுக்கு ரெண்டாவது விரலோட நீள எலும்பு பாதத்துக்குள்ள ஆரம்பிக்கிற இடத்துல மயிரிழை விரிசல் வரும், அது ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், அதனால எக்ஸ்ரே நார்மல்னு வந்தும் வலி போகலன்னா ஸ்கேன் கேளுங்க. கணுக்கால் உள்பக்கம் பின்னாடி வலிச்சு கட்டைவிரல அசைச்சா கடக் கடக்னு மாட்டினா, அது கட்டைவிரல மடக்குற தசைநார், அதையும் காட்டணும்.

அம்மாமாருக்கு ஒண்ணு. பொண்ணு மெலிஞ்சுக்கிட்டே போறா, மாதவிலக்கு நின்னுபோச்சு, சாப்பாட்ட ஒதுக்குறா, கால் எலும்பும் வலிக்குதுன்னா இது ஷூ விஷயம் இல்ல. சாப்பாடு பத்தாம எலும்பு பலவீனம் ஆகுது. தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க.

அடுத்த வாரம் எக்ஸாம், கட்டைவிரல் கொப்புளம் இன்னும் ஆறல. என்ன செய்ய?

அதுவரைக்கும் பாக்ஸ் இல்லாத மெது பாலே ஷூவுல ஆடுங்க, பாயிண்ட்ல ஆட வேண்டிய பகுதிய டெமி பாயிண்ட்ல பண்ணிப் பழகுங்க, கைக்கும் தலைக்கும் அப்போ நல்ல கவனம் கிடைக்கும். டீச்சர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. ஃபெல்ட்ல நடுவுல ஓட்டை வெட்டின வளையம் ஒண்ணு கொப்புளத்தச் சுத்தி வச்சு மேல டேப் ஒட்டுங்க, அழுத்தம் ஓரத்துல போயிடும். எக்ஸாமுக்கு ரெண்டு நாள் முன்னாடி அதே டேப், அதே பேடோட ஒரு தடவ பாயிண்ட் ஷூ போட்டுப் பாருங்க, அன்னைக்குக் காலைல புதுசா எதையும் முயற்சி பண்ணாதீங்க. புத்தம்புது ஷூவும் வேண்டாம், செத்த ஷூவும் வேண்டாம், சில கிளாஸ் ஆடி பதமான ஜோடி போடுங்க, ரிப்பன் தைச்ச இன்னொரு ஜோடி பையில இருக்கட்டும்.